மதியத்துக்குப் பிறகு முதல் பில் ஏன் நிற்கிறது?

கடைக் கம்ப்யூட்டர்களில் சும்மா கிடக்கும் இணைப்பு அறுந்துபோவது பற்றி ஓர் அனுபவக் குறிப்பு

ஓரிக்கையில் எங்கள் மளிகைக் கடை காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதரைக்கு மூடும். மதியம் இரண்டு முதல் நாலு வரை ஈ ஓட்டுகிற நேரம். கல்லாவில் இருப்பவர் சாப்பிட்டுவிட்டு வருவார். பையன்கள் பருப்பு, மிளகாய்ப் பொட்டலம் கட்டி வைப்பார்கள். நாலு மணிக்கு முதல் வாடிக்கையாளர் வருவார். சாமான்களைப் பதிந்து கடைசிப் பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். அசையாது, பிழை என்றும் சொல்லாது. அதை அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும், மறுநாள் மதியம் வரை.

இதை ஒரு சின்னத் தொல்லை என்றுதான் முதலில் நினைத்தோம். நாலைந்து மாதம் கழித்துத்தான் அதன் விலை தெரிந்தது. எங்களிடம் மாதக் கணக்கு வைத்திருக்கும் ஓர் ஓட்டல்காரர், இருபது வருஷ வாடிக்கை, மாதக் கடைசியில் சிட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒரே தேதியில் ஒரே இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பமும் இரண்டு டின் எண்ணெயும் இரண்டு தடவை ஏறியிருந்தன. அவர் கோபப்படவில்லை. "பாத்துப் போடுங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதே சமயம் கிடங்கில் இருப்பு எடுத்தபோது சில சரக்கு கணக்கைவிடக் குறைந்தது. பொருள் வெளியே போயிருக்கிறது, பில் இல்லை. இப்படி வந்தால் கடை முதலாளியின் பார்வை எங்கே போகும் என்று உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதிய நேரத்தில் மேஜையில் இருந்த பையனை நானும் சந்தேகப்பட்டேன். வாய்விட்டுக் கேட்கவில்லை என்றாலும் அவனுக்குப் புரிந்துதான் இருந்தது.

சர்வீஸ் ஆள் வந்தார். வயரை மாற்றினார். அடுத்த தடவை சுவிட்சை மாற்றினார். மூன்றாவது தடவை யு.பி.எஸ். மீது பழி விழுந்தது. பணம் செலவானதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. காரணம், எந்தப் பொருளும் கெட்டுப்போகவே இல்லை.

நடந்தது இதுதான். எங்கள் கணக்கு முழுவதும் அடுத்த தெருவில் உள்ள கிடங்குக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கடை மேஜையில் இருப்பது கேட்கிற கம்ப்யூட்டர், கிடங்கில் இருப்பது கொடுக்கிற கம்ப்யூட்டர். முன்னதை கிளையன்ட் என்றும் பின்னதை சர்வர் என்றும் சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் பிராட்பேண்ட் லைன் உண்டு. காலையில் பில் புரோகிராமைத் திறந்ததும் இரண்டுக்கும் நடுவே ஓர் இணைப்பு ஏற்படுகிறது.

இணைப்பு என்றதும் கயிறு கட்டியது போன்ற ஒரு பொருளை நினைத்துவிடக் கூடாது. 'இன்னாரோடு பேச்சு நடக்கிறது, இதுவரை இவ்வளவு அனுப்பினேன், இவ்வளவு வாங்கினேன்' என்று இரு தரப்பும் தத்தம் ஏட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. டி.சி.பி. என்று பெயர். 1974-இல் வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் தொடங்கி, 1981-இல் விதியாக வகுக்கப்பட்டு, இன்றும் நடப்பில் இருக்கிறது. அந்த விதிப்படி இரு தரப்புக்கும் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் லைனில் ஒன்றுமே போகாது. ஒரு நாள் பேசாமல் இருந்தாலும் இணைப்பு இருப்பதாகவே இருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நேராக இரண்டே கம்ப்யூட்டரை வயர் போட்டுச் சேர்த்திருந்தால் அந்த நினைப்பு சரியாகவும் இருக்கும்.

ஆனால் இப்போது நடுவில் ஆள் இருக்கிறார். அவர்தான் ரூட்டர். கடைக்குள் நாலு கருவி இருந்தாலும் வெளியுலகத்துக்கு ஒரே முகவரிதான். எனவே உள்ளேயிருந்து யார் யாருக்கு அனுப்பினார் என்று ரூட்டர் ஒரு பதிவேடு வைத்துக்கொள்கிறது; பதில் வரும்போது அதைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. லாரி ஆபீஸில் பார்சல் பதிவுப் புத்தகம் இருப்பது போலத்தான். புத்தகத்தில் பக்கங்கள் அளவுதான். ஆகவே ரொம்ப நேரம் அசைவில்லாத பெயரை ரூட்டர் அடித்துவிடுகிறது. அடித்துவிட்டேன் என்று இரு தரப்பில் யாருக்கும் சொல்வதில்லை. தகராறு முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான். பல லைன்களில், முக்கியமாக சிம் போட்டு ஓடும் இணைப்புகளில், கம்பெனியிடமும் இதே மாதிரி இன்னொரு பதிவேடு உண்டு. ஃபயர்வால் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவதும் உண்டு.

நாலு மணிக்கு மேஜையிலிருந்து பில் கிளம்பும்போது நடுவில் இருப்பவருக்கு அது யார் அனுப்பியது, யாருக்கு என்றே தெரியாது. இங்கே இரண்டு விதமாக நடக்கலாம். சில இடத்தில் 'அப்படி ஒரு பேச்சே இங்கே இல்லை' என்று உடனே திருப்பி அடிக்கும். திரையில் இணைப்பு அறுந்தது என்ற பிழை உடனே வரும். சில இடத்தில் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். விழுங்கினால் அனுப்பிய கம்ப்யூட்டர், வழியில் தொலைந்தது போலும் என்று மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். லினக்ஸில் வழக்கமான அமைப்பு 15 தடவை. இடைவெளியை நீட்டிக்கொண்டே போவதால் கைவிட ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும். விண்டோஸ் அதைவிடச் சீக்கிரம் கைவிடும். ஆக, பிழை உடனே வருகிறதா, உறைந்து நிற்கிறதா என்பதைச் சொன்னாலே விஷயம் தெரிந்தவருக்குப் பாதி வழி திறந்துவிடும். 'சிஸ்டம் ஹேங் ஆகுது' என்று மொத்தமாகச் சொன்னால் வயரைத்தான் மாற்றுவார்கள்.

இரட்டை பில் எப்படி விழுந்தது? எங்கள் புரோகிராம் போகாத பில்லைத் தன்னிடமே வைத்திருந்து, இணைப்பு திரும்பியதும் தானே அனுப்பும். பையன் அதற்குள் பொறுமை இழந்து இன்னொரு பில் போட்டுவிடுவான். ஆக இரண்டு. வேறொரு நாள் கம்ப்யூட்டரையே அணைத்துவிடுவான். வைத்திருந்த பில்லும் அதோடு போகும். கூட்டத்தில் வாடிக்கையாளர் பணத்தைக் கொடுத்துப் பொருளோடு போயிருப்பார், ரொக்கம் கல்லாவில் விழுந்திருக்கும், ஆனால் பில் இருக்காது. கிடங்கில் குறைந்த சரக்கு அதுதான். நாள் முடிவில் கல்லாவில் அவ்வப்போது ரொக்கம் கூடுதலாக இருந்ததை நான் ஏனோ ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. குறைந்தால் மட்டும்தானே தேடுகிறோம்.

நோட்டுப் புத்தகம் கண்டுபிடித்தது

கடைசியில் காரணத்தைப் பிடித்துக்கொடுத்தது கருவி எதுவும் அல்ல, ஒரு நாற்பது பக்க நோட்டு. பையன்தான் எழுதினான். பில் நின்ற நேரம், அதற்கு முன் கடைசி பில் போட்ட நேரம், பிழை உடனே வந்ததா நின்றதா, இவ்வளவுதான் பத்தி. இரண்டு வாரத்தில் ஓர் உண்மை தெரிந்தது. இடைவெளி அரை மணிக்குக் குறைவாக இருந்த எந்தத் தடவையும் பில் நிற்கவில்லை. நின்ற ஒவ்வொரு தடவையும் அரை மணிக்கு மேல். வெயில், மழை, கரண்டு எதற்கும் சம்பந்தமில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சோதித்தோம். இருபது நிமிடம் சும்மா விட்டு ஒரு சோதனைப் பில்: போனது. முப்பது: போனது. நாற்பது: நின்றது. முப்பத்தைந்து: நின்றது. எல்லை அரை மணி என்று உறுதியானது. சோதிக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் புரோகிராமைப் புதிதாகத் திறந்து, ஒரு பில் போட்டு, அதிலிருந்து மணி பார்க்க வேண்டும். நடுவில் யாராவது விலைப்பட்டியலைத் திறந்து பார்த்தால்கூட கணக்கு முதலிலிருந்து.

இந்த 'எத்தனை நிமிடம்' என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சும்மா கிடந்ததை வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தவணை உண்டு. தவணையைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

நாலு நிமிடத்தில் அல்லது ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவில் அறுந்தால், உங்கள் கணக்கு வாடகை சர்வரில், அதாவது கிளவுடில் இருக்கிறதா என்று கேளுங்கள். மைக்ரோசாஃப்டின் அஜூர் சேவையில் வேலையைப் பங்கிட்டு அனுப்பும் அமைப்பின் வழக்கமான தவணை 4 நிமிடம். அமேசான் சேவையில் 350 விநாடி. பதினைந்து நிமிடம் என்றால் வேறு கதை. ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை மற்றொன்றிலிருந்து பகிர்ந்து திறக்கும் பழைய பாணி அமைப்பில், 15 நிமிடம் அசைவில்லாத இணைப்பை விண்டோஸே விட்டுவிடும். மறுபடி தொட்டதும் பெரும்பாலும் தானே சேர்த்துக்கொள்ளும் என்றாலும் பழைய பில் புரோகிராம்கள் சிலவற்றுக்கு அந்தப் பொறுமை கிடையாது. 'ஆட்டோ டிஸ்கனெக்ட்' என்று சொன்னால் சர்வீஸ் ஆளுக்குத் தெரியும். அதை மைனஸ் ஒன்று என்று வைத்தால் இந்த வெட்டு நிற்கும்.

தவணை ஒழுங்கே இல்லாமல் சில நாள் பத்து நிமிடத்தில், சில நாள் ஒரு மணியில் அறுந்தால் ரூட்டரைத் தேடுவதற்கு முன் கம்ப்யூட்டர் தூங்குகிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் முழுதாகத் தூங்காவிட்டாலும், மின்சாரம் மிச்சம் பிடிக்க நெட்வொர்க் கார்டை மட்டும் அணைத்துக்கொள்ள அனுமதிக்கும் ஒரு கட்டம் விண்டோஸில் உண்டு. அதில் உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இராத் தங்கினால்

பெரிய காஞ்சிபுரத்தில் மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவருக்கு மதியத்தில் தொல்லையே இல்லை. காலையில் கடை திறந்ததும் முதல் பில் மட்டும் போகாது. ராத்திரி கம்ப்யூட்டரை அணைக்காமல் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போகிற பழக்கம். அவருடைய புரோகிராம் மை-எஸ்.க்யூ.எல். என்ற கணக்கு வைப்பு அமைப்பில் ஓடுவது. அதன் வழக்கமான தவணை 28,800 விநாடி, அதாவது சரியாக 8 மணி நேரம். இரவு ஒன்பதரையிலிருந்து காலை ஆறு வரை கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டரை மணி. சரியாக அரை மணி முந்திக்கொண்டு அறுந்துவிடுகிறது.

எங்கள் ஊரின் பெயரே இராத் தங்கிய கதைதான். கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டுப் போகச் சொல்ல, திருமழிசையாழ்வாரும் உடன் கிளம்ப, அவர் சொல்லுக்குப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னே வந்து ஓர் இரவு தங்கிய இடம் ஓரிருக்கை. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். மறுநாள் மன்னன் வேண்ட மூவரும் திரும்பினார்கள். கம்ப்யூட்டர் இணைப்பு அப்படித் தானாகத் திரும்பி வராது. புதிதாகக் கூப்பிட வேண்டும்.

இணைப்பை உயிரோடு வைப்பது

இதற்கான மருந்து பழையதுதான். டிரங்க் கால் பேசிய காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் ஆபரேட்டர் குறுக்கே வருவார். எதிர்முனை கொஞ்ச நேரம் பேசாவிட்டால் நாமே "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்போம். கம்ப்யூட்டரும் இப்படி அவ்வப்போது ஒரு ஹலோ சொன்னால், நடுவில் இருப்பவரின் பதிவேட்டில் பெயர் அழியாது. இதற்குக் 'கீப்-அலைவ்' என்று பெயர்.

டி.சி.பி.யிலேயே இந்த வசதி உண்டு. ஆனால் 1989-இல் வந்த விதி, கேட்டால் ஒழிய இதைப் போடக் கூடாது என்றும், போட்டாலும் வழக்கமான இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது. காரணங்களில் ஒன்று வியாபாரிகளுக்குப் பிடிக்கும்: அனுப்புகிற ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கட்டணம் வாங்கும் லைன்களில் வீண் ஹலோ வீண் செலவு. இன்னொன்று, லைன் சற்று நேரம் தடுமாறும்போது ஹலோவுக்குப் பதில் வராததால் நல்ல இணைப்பையும் அறுத்துவிடலாம். அந்த 2 மணி நேரம்தான் விண்டோஸிலும் லினக்ஸிலும் இன்றும் வழக்கமான அமைப்பு. 2008-இல் ரூட்டர்களுக்கு வகுத்த விதியும் இதை ஒட்டியே, 2 மணி 4 நிமிடத்துக்கு முன்பு எந்த இணைப்பையும் அடிக்கக் கூடாது என்றது. விதி அப்படி. கடைக்கு வருகிற ரூட்டர்கள் பலவும் அதைக் கேட்பதில்லை. ஆறு நிமிடத்தில் வெட்டுகிறவர் நடுவில் இருக்க, நாம் இரண்டு மணிக்கு ஒருமுறை ஹலோ சொல்லி என்ன பயன்?

எனவே கண்டுபிடித்த தவணையில் பாதிக்கும் குறைவாக ஹலோவை வைக்கச் சொல்ல வேண்டும். அரை மணி எல்லை கண்ட நாங்கள் பத்து நிமிடம் வைத்தோம். எங்கள் மதியத் தொல்லை அதோடு தீர்ந்தது. ரூட்டரை மாற்றவில்லை.

இங்கே ஒரு பள்ளம் உண்டு, அதில் நம் மொத்த வியாபாரி விழுந்தார். எங்கள் கடையில் வேலை செய்த மருந்தையே அவரும் போட்டார். காலை பில் அப்போதும் போகவில்லை. ஏனென்றால் டி.சி.பி. சொல்லும் ஹலோ லைன் அளவில் நடப்பது. மேலே உட்கார்ந்திருக்கும் கணக்கு வைப்பு அமைப்பின் காதுக்கு அது போவதே இல்லை. கடை வாசலில் கூர்க்கா விசில் அடித்துக்கொண்டு போவதால் கல்லாவில் வியாபாரம் நடந்ததாக ஆகாது அல்லவா? எட்டு மணி நேரமாகக் கேள்வி வரவில்லை என்று பார்த்து வெட்டுவது அந்த அமைப்பு. அதற்குப் புரோகிராமே ஒரு சின்னக் கேள்வியைக் கேட்க வேண்டும், 'இன்று தேதி என்ன' என்பது போல ஏதாவது. அல்லது பில் அனுப்புமுன் இணைப்பைச் சோதித்து, இல்லையென்றால் புதிதாகக் கூப்பிட வேண்டும். பின்னது மேல் என்பது என் அபிப்பிராயம். அவருக்குப் புரோகிராம் எழுதியவர் அப்படித்தான் செய்து கொடுத்தார்.

லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கம்ப்யூட்டரில் இடைவெளியை மாற்றினால் மட்டும் போதாது. புரோகிராம் கீப்-அலைவ் வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காத புரோகிராமுக்கு எந்த எண்ணை மாற்றியும் பலன் இல்லை. மாற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவரிடம் இதைக் கேளுங்கள்.

கல்லாப் பக்கத்தில் 'இத்தனை ரூபாய் பெறப்பட்டது' என்று சொல்லும் சின்னப் பெட்டி இந்த விஷயத்தில் பெரிய புரோகிராம்களைவிட ஒழுங்கு. இத்தகைய கருவிகளில் பரவலாகப் பயன்படுவது எம்.க்யூ.டி.டி. என்ற முறை. 1999-இல் எண்ணெய்க் குழாய்களை சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க உருவானது. இணைப்பு ஏற்படும்போதே கருவி 'இத்தனை விநாடிக்கு ஒருமுறை குரல் கொடுப்பேன்' என்று ஒப்புக்கொள்ளும். அதைப்போல் ஒன்றரை மடங்கு நேரம் சத்தம் இல்லையென்றால் எதிர்முனை அதை இறந்ததாக எடுத்துக்கொள்ளும். நாள் முழுக்கச் சும்மா இருந்தும் பணம் வந்ததும் பேசுகிறது என்றால் காரணம் அதுதான்.

ஈ-இன்வாய்ஸ் போடும் உறுப்பினர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். (2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இது கட்டாயம்.) புரோகிராம் வழியாக அனுப்புகிறவர்களுக்கு அங்கே கொடுக்கப்படும் அனுமதிச் சீட்டு 6 மணி நேரம்தான் செல்லும். காலையில் வாங்கியது மாலையில் செல்லாமல் போவது இணைப்பு அறுந்ததால் அல்ல. ஹலோ சொல்லி அதை நீட்டிக்க முடியாது, புதிதாக வாங்க வேண்டும். அதே அமைப்பில் கற்றுக்கொள்ள நல்ல விஷயமும் இருக்கிறது. ஒரே நிதியாண்டில் ஒரே இன்வாய்ஸ் எண்ணை இரண்டாம் முறை அனுப்பினால் ஏற்காது, முன்பே பதிவானது என்று திருப்பிவிடும்.

எங்கள் புரோகிராமிலும் அதைத்தான் கேட்டு வாங்கினோம். சாமான்களைப் பதியத் தொடங்கும்போதே பில்லுக்கு எண் விழுந்துவிடும். அந்த எண் கிடங்கில் ஒரு தடவைதான் ஏறும். பில் நின்றால் மறுபடி போடக் கூடாது, கம்ப்யூட்டரை அணைக்கவும் கூடாது. எண்ணைக் கிடங்குக்கு போன் செய்து கேட்க வேண்டும்: ஏறியிருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால்தான் மறுபடி. மேஜையில் இதை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

அந்தக் கிடங்குக் கம்ப்யூட்டரில் ஒரு வேலை பாக்கி இருந்தது. இருக்கிற மேஜை இரண்டு. ஆனால் ஏழு மேஜை இணைந்திருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. மதியம் மதியமாக அறுந்த பழைய இணைப்புகள், எதிர்முனை போனது தெரியாமல் இன்னும் காத்துக்கொண்டிருந்தன. 'ஆள் எண்ணிக்கை முடிந்தது' என்று சில நாள் புரோகிராம் திறக்க மறுத்ததற்கு அவைதான் காரணம். கிடங்குப் பக்கமும் கீப்-அலைவ் போட்ட பிறகு அவை தாமே உதிர்ந்தன.

ஓட்டல்காரருக்கு நானே நேரில் போய்ச் சிட்டையைத் திருத்திக் கொடுத்தேன். ஐந்து மாதச் சிட்டையையும் எண் வாரியாகப் பார்த்ததில் இன்னும் இரண்டு இடத்தில் இரட்டை விழுந்திருந்தது, அவர் கவனித்திருக்கவில்லை. பையனிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டை இப்போதும் அவன்தான் எழுதுகிறான்.